ஜின் பாட்டிலை எப்படிப் படிப்பது?

"வோட்காவில் வாசனை போட்டால் ஜின். அவ்வளவுதானே மச்சி?"

நண்பன் ஒருவன் போனில் கேட்டது இது. நக்கலாகத்தான் கேட்டான். நான் மறுக்கவில்லை. சட்டப்படி பார்த்தாலும் அவன் சொன்னது சரிதான். மணமே இல்லாத சாராயத்தில் ஜூனிப்பர் காயின் மணத்தை ஏற்றினால் அது ஜின். விஸ்கிக்கு உள்ள பீப்பாய்க் கதை இதற்குக் கிடையாது, பிராந்திக்கு உள்ள திராட்சைத் தோட்டக் கதையும் கிடையாது. ஊறப்போட்ட சாமான் தயாராக இருந்தால், காலையில் அடுப்பு மூட்டிச் சாயங்காலம் ஜின்னை இறக்கிவிடலாம்.

அப்புறம் ஏன் ஒரு ஜின் மணக்கிறது, இன்னொன்று தொண்டையை எரித்துவிட்டு வேறொன்றும் தராமல் போகிறது? அந்த வாசனை எப்போது உள்ளே போனது, எப்படிப் போனது, எவ்வளவு தங்கியது? இந்த மூன்று கேள்விக்குள் ஜின் அடங்கிவிடும். மற்றதெல்லாம் பாட்டில் அலங்காரம். குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதை வேதியியல் பாடமாகப் படித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

அடியில் இருப்பது வெற்றுச் சாராயம்

ஜின்னுக்கு அடிப்படை, முடிந்தவரை சுத்தமாக வடித்த ஆல்கஹால். ஐரோப்பியச் சட்டப்படி இந்த நடுநிலை ஆல்கஹால் குறைந்தது 96 சதவீதம் இருக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு இ.என்.ஏ. என்று பெயர். கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்தும் வடிப்பார்கள், தானியத்திலிருந்தும் வடிப்பார்கள். பெரும்பாலான ஜின் கம்பெனிகள், பேர் பெற்றவை உட்பட, இதைத் தாங்களே தயாரிப்பதில்லை. டேங்கரில் வாங்குகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல அரிசி வாங்கிச் சமைப்பவரை, "நீயே ஏன் நெல் விதைக்கவில்லை" என்று யாரும் கேட்பதில்லை.

வேலை தொடங்குவது அதற்குப் பிறகு.

பாதிச் சாமான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்

முதல் ஆள் ஜூனிப்பர். ஊசி இலை கொண்ட புதர்ச்செடி. பெர்ரி என்று சொன்னாலும் உண்மையில் அது பைன் மரக் கூம்பைப் போன்ற, சதைப்பற்றான கூம்பு. பச்சையிலிருந்து கருநீலமாகப் பழுக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஒரே கிளையில் பச்சையும் பழுத்ததும் சேர்ந்தே இருப்பதால் இயந்திரம் வைத்துப் பறிப்பது கஷ்டம். இத்தாலியில் டஸ்கனி பக்கம் கிளையைக் கோலால் தட்டி, பழுத்தவை மட்டும் உதிர்வதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பைன் பிசினில் இருக்கும் ஆல்ஃபா பைனீன் இதிலும் நிறைய உண்டு. ஜின்னை மோந்தவுடன் கொடைக்கானல் பைன் காடு நினைவுக்கு வந்தால் அது உங்கள் கற்பனை இல்லை, மூலக்கூறே ஒன்றுதான்.

அடுத்தது கொத்தமல்லி விதை. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்கிற பொருள். எலுமிச்சைச் சாயலும் பூ மணமும் ஜின்னுக்கு வருவதில் இதற்குப் பெரிய பங்கு. நம் சாம்பாருக்குப் போடும் பெரிய விதை மல்லியைவிட, கிழக்கு ஐரோப்பாவில் விளையும் சிறு விதையில் எண்ணெய் அதிகம். அதனால் ஐரோப்பிய வடிசாலைகள் பல அதைத் தேடிப் போகின்றன.

பிறகு ஏஞ்சலிகா வேர், மண் வாசனைக்கு. ஐரிஸ் செடியின் கிழங்கான ஓரிஸ் வேர், மற்ற மணங்களைப் பிடித்துவைக்க என்று வடிப்பவர்கள் நம்புகிறார்கள். தோண்டியவுடன் ஓரிஸுக்குப் பெரிய வாசனை இருக்காது. உலர்த்தி மூன்று வருடம் போலக் கிடப்பில் போட்டால்தான் மணம் திறக்கும்.

பாம்பே சஃபையர் பாட்டிலில் உள்ளதாகச் சொல்லும் பத்துப் பொருட்களைப் பாருங்கள்: ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்சலிகா, ஓரிஸ், எலுமிச்சைத் தோல், அதிமதுரம், பாதாம், காசியா பட்டை, வால்மிளகு, கிரெயின்ஸ் ஆஃப் பேரடைஸ் எனும் ஆப்பிரிக்க மிளகு. அதிமதுரமும் வால்மிளகும் நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சரக்கு.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். டாங்கரே லண்டன் டிரையில் இருப்பது நான்கே பொருள்: ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்சலிகா, அதிமதுரம். உலகம் மெச்சும் ஜின் அது. "நாற்பது மூலிகை சேர்த்தது" என்று லேபிள் பெருமையடித்தால், அதில் எத்தனை மூக்குக்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி.

வாலைக்குள் நடப்பது

வாசனையை உள்ளே ஏற்ற மூன்று வழி உண்டு.

ஒன்று, ஊறவைத்து வடிப்பது. ஆல்கஹாலைத் தண்ணீர் விட்டுப் பாதி அளவுக்கு இளக்கி, வாலை எனும் செம்பு வடிகலத்தில் ஊற்றி, சாமான்களைப் போட்டு, பிறகு அடுப்பு மூட்டுவார்கள். லண்டனில் தயாராகும் பீஃபீட்டர் 24 மணி நேரம் ஊறிய பிறகே அடுப்பேறுகிறது.

இரண்டு, ஆவியில் ஏற்றுவது. சாமான் திரவத்தில் படாது. மேலே துளைத்தட்டில் இருக்கும், ஆவி அதன் வழியே போகும்போது மணத்தை எடுத்துக்கொள்ளும். பாம்பே சஃபையரின் முறை இது. மணம் கொஞ்சம் லேசாக, மென்மையாக வரும்.

மூன்று, வடிப்பே இல்லாமல் எசென்ஸைக் கலப்பது, அல்லது சாமானை ஊறப்போட்டு வடிகட்டுவது. கலவை ஜின் என்பார்கள். மலிவுச் சரக்கில் இது சகஜம்.

கோவாவில் ஒரு சின்ன வடிசாலையில் முதல் வகை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாலையின் மூக்கிலிருந்து நூல்போல இறங்கும் திரவத்தை அங்கிருந்த வடிப்பு மாஸ்டர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு வாங்கி, இரண்டு கையையும் தேய்த்து, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். முதலில் வந்ததை அவர் சேர்க்கவில்லை. "நேற்றைய வாலையின் வேர் நாற்றம் குழாயில் ஒட்டியிருக்கும், இது அதைக் கழுவிக்கொண்டு வரும்" என்றார். இது தலை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையில் எலுமிச்சைத் தோல் பளிச்சென்று அடித்தது. உடனே குழாயைத் திருப்பிச் சேகரிக்கத் தொடங்கினார். பிறகு ஜூனிப்பர் வந்தது, கூடவே மல்லி. நேரம் ஆக ஆக பட்டை, வேர், மண். கடைசியில் காய்கறி வேகவைத்த தண்ணீர்போல ஒரு வாடை தலைகாட்டியதும் குழாயை மூடிவிட்டார். அது வால்.

தலையையும் வாலையும் தள்ளிவிட்டு நடுவை எடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. மீட்டர் எல்லாம் இருக்கிறது, வெப்பநிலை காட்டுகிறது, சதவீதம் காட்டுகிறது. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை மூக்குதான் சொல்கிறது. பத்து நிமிடம் முன்னால் நிறுத்தினால் வேரின் அடித்தளம் இல்லாமல் ஜின் மெலிந்துபோகும். பத்து நிமிடம் தாமதித்தால் வேகவைத்த வாடை உள்ளே ஏறிவிடும். இப்படி எடுத்த நடுவில் சுத்தத் தண்ணீர் சேர்த்துப் பாட்டிலின் அளவுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

சர்க்கரை மறைத்ததும் டிரை வந்ததும்

18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் நகரம் ஜின்னில் மூழ்கிக் கிடந்தது. 1689-இல் அரியணை ஏறிய மூன்றாம் வில்லியம், பிரான்ஸோடு பகை என்பதால் பிரெஞ்சு பிராந்தியைத் தடைசெய்தார். உள்நாட்டில் சாராயம் வடிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். விளைவு, தெருவுக்குத் தெரு ஜின் கடை. ஜூனிப்பருக்குப் பதிலாக டர்பன்டைன் ஊற்றிய சரக்கெல்லாம் ஓடியது. 1736-இல் வருடத்துக்கு 50 பவுண்டு லைசென்ஸ் என்று சட்டம் போட்டார்கள். ஏறக்குறைய யாருமே லைசென்ஸ் வாங்கவில்லை, கள்ளச்சந்தைதான் பெருத்தது. 1751-இல் வந்த சட்டம்தான் ஓரளவு கட்டுப்படுத்தியது. அதே வருடம் ஹோகார்த் என்ற ஓவியர் 'ஜின் லேன்' என்ற படத்தை வெளியிட்டார். போதையில் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழும் அந்தப் படம் இன்றும் புகழ்பெற்றது.

அந்தக் காலத்துச் சாராயம் நாற்றமெடுத்தது. அதை மறைக்க இனிப்பு சேர்த்தார்கள். ஓல்டு டாம் என்ற இனிப்பு ஜின் அந்த வழியில் வந்தது. 1830-இல் ஈனியஸ் காஃபி என்பவர் தொடர்ந்து ஓடும் உயரமான வாலைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் வடித்த ஆல்கஹால் சுத்தமாக வந்தது. மறைக்க ஒன்றுமில்லாதபோது சர்க்கரை எதற்கு? அப்படித்தான் இனிப்பில்லாத டிரை ஜின் தலையெடுத்தது.

இன்றைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு ஜின் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டினால், அந்த இனிப்பு எதை மறைக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது.

லேபிளில் மூன்று வரி

ஐரோப்பியச் சட்டம் ஜின்னை மூன்றாகப் பிரிக்கிறது.

வெறும் 'ஜின்' என்றிருந்தால், ஆல்கஹாலில் ஜூனிப்பர் சுவை ஏற்றியது, வடித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

'டிஸ்டில்டு ஜின்' என்றால், ஜூனிப்பரோடு மறுபடி வடித்திருக்க வேண்டும். ஆனால் வடித்த பிறகும் வாசனை சேர்க்கலாம். ஹெண்ட்ரிக்ஸ் வெள்ளரியையும் ரோஜாவையும் இப்படிப் பின்னால் சேர்க்கிறது. அது குறையில்லை, அது வேறு வகை.

'லண்டன் ஜின்' என்றால், எல்லா வாசனையும் இயற்கைப் பொருளிலிருந்து, வடிப்பின்போதே வந்திருக்க வேண்டும். வாலையிலிருந்து இறங்குவது குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். பிறகு நிறம் சேர்க்கக்கூடாது. சர்க்கரை லிட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக்கூடாது. இது செய்முறையின் பெயர். லண்டனில் செய்ய வேண்டும் என்று கிடையாது. டாங்கரேயே ஸ்காட்லாந்தில்தான் தயாராகிறது.

இதோடு சதவீதத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் குறைந்தபட்சம் 37.5, அமெரிக்காவில் 40. மண எண்ணெய்கள் ஆல்கஹாலில்தான் கரைந்து நிற்கும். தண்ணீர் கூடக்கூட அவை பிரிந்துபோகும். அதனால்தான் கார்டன்ஸ் 1992-இல் பிரிட்டனில் 40-லிருந்து 37.5-க்கு இறங்கியபோது ஜின் பிரியர்கள் முகம் சுளித்தார்கள். டாங்கரே பல நாடுகளில் 47.3-இல் விற்கிறது.

நம் நாட்டுப் பாட்டில்களில் 42.8 என்று ஒரு விநோத எண் பார்த்திருப்பீர்கள். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 57.15 சதவீதம் என்பது நூறு டிகிரி புரூஃப். சாராயத்தில் நனைத்த வெடிமருந்து பற்றுகிறதா என்று பார்த்த காலத்துச் சோதனையின் வாரிசு அது. அதில் முக்கால் பங்கு, அதாவது 75 டிகிரி, சுமார் 42.8 ஆகிறது. ஆங்கிலேயர் அந்த அளவையை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், நம் லேபிள் விடவில்லை. ஜின்னைப் பொறுத்தவரை இது நமக்கு லாபம்தான், மணம் தங்க இந்தச் சதவீதம் நன்றாகவே போதும்.

வீட்டிலேயே சோதிக்கும் முறை

போட்டிகளில் நடுவர்கள் பிராண்டு தெரியாமல்தான் ஜின்னைச் சோதிக்கிறார்கள், தண்ணீர் சேர்த்து இளக்கியும் பார்ப்பார்கள். ஐஸ் கிடையாது, டானிக் கிடையாது. லண்டனின் ஐ.டபிள்யூ.எஸ்.சி. போட்டியில் நூற்றுக்கு 95 வாங்கினால் தங்கம், 98-ஐத் தொட்டால் 'கோல்டு அவுட்ஸ்டாண்டிங்'. அதே முறையை வீட்டில் செய்ய ஒரு பைசா அதிகச் செலவில்லை.

வாய் குறுகிய சின்ன டம்ளரில் 20 மில்லி ஜின் எடுங்கள். அதே அளவு சாதாரணத் தண்ணீர், குளிர்ந்தது வேண்டாம், ஊற்றுங்கள். ஒரு தட்டால் மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டு மூன்று பிராண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

முதலில் கண். தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய் வெளியே வருகிறது. சாமானில் கஞ்சத்தனம் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. கலங்காதது எல்லாம் மோசம் என்றும் இல்லை, குளிர்வித்து வடிகட்டும் கம்பெனிகளும் உண்டு.

அடுத்து மூக்கு. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். ஜூனிப்பர் முதலில் தெரிகிறதா? ஜூனிப்பர்தான் தூக்கலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். தெரியவில்லை என்றால் அது என்ன பூவால் செய்திருந்தாலும் ஜின்னாகத் தோற்றுவிட்டது. பிறகு எலுமிச்சை, மல்லி, மசாலா, வேர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதா, அல்லது சென்ட் பாட்டில் திறந்ததுபோல ஒரே அடியாக அடித்து ஓய்ந்துவிடுகிறதா? ஒரே அடி என்றால் எசென்ஸ் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். நெயில் பாலிஷ் வாடை வந்தால் தலை சரியாக வெட்டப்படவில்லை, அல்லது அடிச் சாராயமே சரியில்லை. வேகவைத்த கீரை வாடை வந்தால் வாலை தாமதமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

கடைசியில் நாக்கு. ஒரு மிடறு. எரிச்சல் மட்டும் இருந்து சுவை இல்லையென்றால் அங்கேயே முடிந்தது. விழுங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் பெரிய மதிப்பெண். நல்ல ஜின்னில் அரை நிமிடம் கழித்தும் ஏஞ்சலிகாவின் வறண்ட மண் சுவையோ அதிமதுரத்தின் மெல்லிய இனிப்போ தங்கும்.

டானிக்கும் நீலகிரியும்

டானிக்கை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன்? அதில் கசப்பும் சர்க்கரையும் சேர்ந்து சுமாரான ஜின்னைக் கூடத் தூக்கிவிடும். கசப்பு குயினைனுடையது. நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கை டானிக்கில் அடித்துப் பாருங்கள், நீலமாக ஒளிரும்.

சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனை 1820-இல் பாரிஸில் பிரித்தெடுத்தார்கள், மலேரியாவுக்கு மருந்தாக. 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவர, ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட வில்லியம் மெக்கைவர் அதை நீலகிரியில் வளர்த்தெடுத்தார். நடுவட்டத்தில் தோட்டமும் பிறகு குயினைன் ஆலையும் வந்தன. கூடலூர் சாலையில் போகிறவர்கள் கடந்துபோகும் அதே நடுவட்டம்தான்.

சிப்பாய்கள் மலேரியாவுக்கு மருந்தாக ஜின்னும் டானிக்கும் குடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. குயினைன் மருந்து உண்மை. ஆனால் பாட்டில் டானிக்கில் அது மிகக் குறைவு. அமெரிக்காவில் அனுமதித்த உச்ச அளவே லிட்டருக்கு சுமார் 83 மில்லிகிராம். மலேரியா சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.8 கிராம் தேவை. இருபது லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். ஜின் அண்ட் டானிக் பற்றி அச்சில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பே 1868-இல், ஆங்கிலோ இந்தியப் பத்திரிகை ஒன்றில், குதிரைப் பந்தயம் முடிந்து வந்தவர்கள் கேட்டு வாங்கிய பானம் என்றுதான் இருக்கிறது. நோய்க்காக இல்லை.

நம் பக்கத்துச் சரக்கு

கொழும்பில் ராக்லேண்ட் வடிசாலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பியச் சாமான் வராமல் தவித்தபோது, இலங்கைப் பட்டை, இஞ்சி, கறிவேப்பிலையைக் கொண்டு ஜின்னைச் சமாளித்தது. அந்த வழியில் வந்த கொலம்போ ஜின்னில் ஏழே பொருள், அதில் கறிவேப்பிலையும் ஒன்று. தட்டுப்பாட்டில் பிறந்தாலும், கறிவேப்பிலை அங்கே ஜூனிப்பரை மிஞ்சாமல் அதற்குப் பின்னால் நிற்கிறது.

இந்தியாவில் 2017-இல் கோவாவிலிருந்து கிரேட்டர் தேன் என்ற ஜின் வந்த பிறகு புது அலை தொடங்கியது. அதே கம்பெனியின் ஹபூசா இமயமலை ஜூனிப்பரைப் பயன்படுத்துகிறது. ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் 2020-இல் ஐ.டபிள்யூ.எஸ்.சி.யில் கோல்டு அவுட்ஸ்டாண்டிங் வாங்கியது. பிராந்தியே ராஜாவாக இருக்கும் நம் டாஸ்மாக் ஊரில் இவை எளிதில் கண்ணில் படாது, விமான நிலையத்திலோ கோவா, பெங்களூரிலோதான் நிதானமாகப் பார்க்க முடியும்.

கடையில் நிற்கும்போது என் வழிமுறை எளிது. பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்புவேன். எந்த வகை, எத்தனை சதவீதம், என்ன சாமான் என்று மட்டும் படிப்பேன். 40-க்குக் கீழே இருந்தால் வைத்துவிடுவேன். இளஞ்சிவப்பு, ஊதா நிறத்துக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன், நிறத்துக்கு மணம் கிடையாது. வாங்கியதை முதல் தடவை தண்ணீரோடு மோந்து பார்த்துவிட்டுத்தான் டானிக்கைத் திறப்பேன். நீங்களும் இரண்டு பிராண்டை வைத்து இப்படிச் செய்து பார்த்து, எது ஜெயித்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். விலை அதிகமானது தோற்றிருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.